பைலட் பயிற்சிப் பள்ளி: நேரில் போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

திருச்சி அப்பா:
மகள் இந்த வருடம் பிளஸ் டூ முடித்துவிட்டாள். கணிதம், இயற்பியல் எடுத்தவள். பைலட் ஆகியே தீருவேன் என்கிறாள். வீட்டில் மூன்று பள்ளிகளின் கையேடு கிடக்கிறது. மூன்றிலும் அதே நீல வானம், அதே வெள்ளைச் சட்டை, அதே "15 மாதத்தில் சிபிஎல்" (சம்பளத்துக்கு விமானம் ஓட்டத் தேவையான லைசன்ஸ்). எல்லாம் சேர்த்து அரைக் கோடிக்கு மேல் கேட்கிறார்கள். நிலத்தை அடமானம் வைத்துத்தான் கட்டியாக வேண்டும். படித்தவர்களும் பிள்ளைகளைச் சேர்த்தவர்களும் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். ஏஜென்டுகள் தயவுசெய்து வேண்டாம்.

நெல்லைக்காரன்:
அண்ணாச்சி, பள்ளியைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் மெடிக்கல், அதாவது உடல் தகுதிப் பரிசோதனை. எங்கள் சொந்தத்தில் ஒரு பையனுக்கு அட்வான்ஸ் கட்டி, யூனிஃபார்ம் தைத்து, கிடா வெட்டி விருந்தும் போட்டாகிவிட்டது. கிளாஸ் 1 மெடிக்கலில் நிறக்குருடு என்று தெரிந்தது. வண்ணப் புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் அந்தப் புத்தகத்தில் பாதி எண்கள் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. பத்தொன்பது வயது வரை வீட்டில் யாருக்கும் அது தெரியாது. அட்வான்ஸ் திரும்பி வரவே இல்லை. டிஜிசிஏ (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அங்கீகரித்த டாக்டரிடம் முதல் கட்டமான கிளாஸ் 2, அப்புறம் சிபிஎல்லுக்கு வேண்டிய கிளாஸ் 1. இரண்டும் கையில் வந்த பிறகு பள்ளிக்குப் பணம் கட்டுங்கள். கண்ணாடி போட்டிருந்தால் பயப்பட வேண்டாம், அதற்கு இடம் உண்டு.

வலது சீட்:
திருச்சி சார், நான் இப்போது ஏர்பஸ் ஏ320 விமானத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை விமானி. படித்தது மத்திய இந்தியாவில் ஒரு சின்ன ஊர் ஓடுதளத்தில். சேரும் முன் சில பள்ளிகளை நேரில் போய்ப் பார்த்தேன். அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், மற்றது உங்களுக்கே விளங்கிவிடும்.

ஏசி அறையில் உட்கார வைத்து, "எங்ககிட்ட பதினொரு விமானம்" என்றார் கவுன்சலர். விமானங்களை நிறுத்தும் ஹேங்கரைப் பார்க்கலாமா என்றேன். இன்றைக்கு செக்யூரிட்டி விடமாட்டார்கள் என்றார். நான் ஊரிலேயே தங்கி மறுநாள் காலையும் போய் நின்றேன். வேறு வழியில்லாமல் கூட்டிப் போனார்கள். செஸ்னா 172 என்கிற சின்னப் பயிற்சி விமானம் ஒன்றின் மூக்கில் ப்ரொப்பெல்லரே இல்லை. இன்னொன்றின் டயர் காற்றிறங்கித் தரையோடு ஒட்டிக் கிடந்தது. அதன் கண்ணாடித் தூசியில் யாரோ விரலால் தன் பேரை எழுதி வைத்திருந்தார்கள். இரட்டை இன்ஜின் விமானத்தில் ஒரு பக்க இன்ஜின் மூடி கழன்றிருந்தது, உள்ளே இருக்க வேண்டிய பாகங்கள் எங்கே என்றால், வேறொரு விமானத்துக்குப் போயிருக்கின்றன. பதினொன்று என்றது பொய்யில்லை, பதிவெண்கள் பதினொன்று இருந்தன. அன்றைக்குப் பறந்தது மூன்று.

வாசலில் இருந்த டீக்கடையில் பையன்களிடம் பேச்சுக் கொடுத்தேன். அறுபது பேர் படிக்கிறார்களாம். அங்கேயே கணக்குப் போட்டேன். ஒரு விமானம் நல்ல நாளில் ஆறு மணி நேரம் பறக்கும் என்று வையுங்கள். மூன்றுக்கும் சேர்த்து 18 மணி. அதை அறுபதால் வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 18 நிமிடம். மாதத்தில் 25 நாள் பறந்தால் ஏழரை மணி நேரம். சிபிஎல்லுக்கு வேண்டியது 200 மணி. அதாவது 26 மாதத்துக்கு மேல். இதில் மழைக்காலம் சேரவில்லை. டிசம்பர், ஜனவரியில் வட இந்திய ஓடுதளங்களில் பத்து பதினோரு மணி வரைக்கும் மூடுபனி, அதுவும் சேரவில்லை. கையேட்டில் என்னவோ 15 மாதம்தான்.

இன்ஸ்ட்ரக்டர் கணக்கும் இதே மாதிரிதான். ஏர்லைன் வேலை கிடைத்ததும் அவர்கள் கிளம்பிவிடுவார்கள், குறை சொல்ல முடியாது. பாதியில் ஆள் மாறினால் புதியவர் நம்மைத் தெரிந்துகொள்ள மறுபடி சில மணி நேரம் உடன் பறப்பார். அந்தக் காசு நம் பையிலிருந்துதான். தலைமை இன்ஸ்ட்ரக்டர் இந்தப் பள்ளியில் எத்தனை வருடமாக இருக்கிறார் என்று அவரிடமே கேளுங்கள். பதில் சொல்லாமல் சிரித்தால் புரிந்துகொள்ளுங்கள்.

சேலம் பக்கம்:
தமிழ்நாட்டிலேயே பார்க்கலாமே. சேலம் விமான நிலையத்தில் பயிற்சிப் பள்ளிக்கு விமான நிலைய ஆணையம் இடம் ஒதுக்கியது. ஓமலூர் வழியாகப் போகிறவர்கள் சின்ன விமானம் சுற்றுவதைப் பார்த்திருப்பார்கள். வீட்டுச் சாப்பாடு, தமிழ், அவசரத்துக்கு ஒரு பஸ். பெண் பிள்ளைக்கு இதெல்லாம் பெரிய விஷயம். அப்புறம் இப்போதுதான் டிஜிசிஏவே பள்ளிகளுக்குத் தரவரிசை போடுகிறதே, அதைப் பார்த்துச் சேர்த்தால் போதாதா?

வலது சீட்:
தரவரிசையைக் கட்டாயம் பாருங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். முதல் பட்டியல் 2025 அக்டோபரில் வந்தது. மேல் இரண்டு நிலைகளான ஏ பிளஸ் பிளஸ், ஏ பிளஸ் யாருக்கும் கிடைக்கவில்லை. எல்லாரும் ஏ அல்லது பி. ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடுவதாகச் சொன்னார்கள். ஆறு மாதத்தில் ஒரு பள்ளியில் இரண்டு இன்ஸ்ட்ரக்டர் போய், ஒரு இன்ஜின் ஓவர்ஹாலுக்குப் போனாலே நிலைமை தலைகீழ். வீட்டுக்குப் பக்கம் என்பதும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. பறக்காமல் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டு என்ன செய்வது?

அரிசோனா ரிட்டர்ன்:
வெளிநாட்டுக் கதையும் கேளுங்கள். நான் அமெரிக்கா போனேன். வானிலை அருமை. மணி நேரம் மளமளவென்று ஏறியது, அதில் குறையே இல்லை. ஆனால் அங்கேயும் இன்ஸ்ட்ரக்டர்கள் இளவட்டங்கள். ஏர்லைனில் சேர அவர்களுக்கு 1500 மணி நேரம் வேண்டும், அதைச் சேர்க்கத்தான் நமக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். 1500 ஆனதும் டாட்டா.

இதைவிட முக்கியமானது, பறந்த நேரத்தைக் குறித்து வைக்கும் லாக்புக். பிரைவேட் லைசன்ஸ் வாங்கிய பிறகு பக்கத்தில் இன்ஸ்ட்ரக்டர் உட்கார்ந்திருந்தாலும், ஓட்டுகிறவர் அதைப் பிஐசி நேரமாக (விமானத்துக்குத் தானே பொறுப்பான விமானியாகப் பறந்த நேரம்) எழுதலாம் என்பது அமெரிக்க விதி. டிஜிசிஏ அதை ஒத்துக்கொள்ளாது. நம் ஊர் சிபிஎல்லுக்கு 100 மணி பிஐசி வேண்டும். இது தெரியாமல் திரும்பி வந்த ஒரு தோழி அதை இந்திய லைசன்ஸாக மாற்றப் போனபோது கணக்கில் உதைத்தது. மீதியை இங்கே ஒரு பள்ளியில், இங்கத்திய வரிசையில் நின்று, மறுபடி காசு கொடுத்துப் பறந்தாள். வெளிநாட்டுப் பள்ளி என்றால் ஒரே கேள்வி: "டிஜிசிஏ மாற்றத்துக்கு ஏற்றபடி நேரம் பிரித்துத் தருவீர்களா? எழுத்தில் கொடுங்கள்." இன்னொன்று, நேவிகேஷன், மீட்டியராலஜி, ரெகுலேஷன்ஸ் தாள்களை இங்கேயே எழுதி முடித்துவிட்டுப் போவது உத்தமம். ஒவ்வொன்றிலும் 70 சதவீத மதிப்பெண் எடுக்க வேண்டும். அங்கே டாலரில் வாடகை கொடுத்துக்கொண்டு உட்கார்ந்து படிக்க யாருக்குக் கட்டும்?

கோவை அம்மா:
பையன் இப்போது பயிற்சியில் இருக்கிறான், பணம் கட்டுகிறவள் நான். எங்களிடம் முழுத் தொகையையும் ஒரே தடவை கட்டினால் மூன்று லட்சம் தள்ளுபடி என்றார்கள். வீட்டுக்காரர் சரி என்றார், நான் ஒத்துக்கொள்ளவில்லை. பறந்த மணி நேரத்துக்கு ஏற்ப தவணையாகத்தான் தருவேன் என்று நின்றேன். ரெண்டு நாள் பேசிப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். அதே பேட்சில் முழுசாகக் கட்டிய பிள்ளைகள், விமானம் நிற்கும்போது பள்ளியிடம் வாய் திறக்கவே தயங்குகிறார்கள். எங்கள் பையன் நேராகப் போய்க் கேட்கிறான்.

சேர்க்கைப் படிவத்தில் இதெல்லாம் பாருங்கள்: பாதியில் விலகினால் எவ்வளவு திரும்பும், 200 மணிக்கு மேல் போனால் ஒரு மணிக்கு எவ்வளவு, தங்குமிடம் யார் செலவு. கடைசியாகச் சொன்னது சின்னதாகத் தெரியும். பத்து மாதம் கூடுதலாக இழுத்தால் அதுவே பெரிய தொகை.

வலது சீட்:
அம்மா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சில இடங்களில், "பறக்க வேண்டாம், எழுதிக்கலாம்" என்று யாராவது காதோடு சொல்வார்கள். பார்க்கர் பேனா மணி நேரம் என்று கிண்டலாகச் சொல்வோம். 2011-இல் போலி ஆவணம், பறக்காத மணி நேரம் என்று விமானிகள் கைதானது நினைவிருக்கலாம். அப்படி ஒரு பேச்சு காதில் விழுந்தாலே அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

சிபிஎல் வந்ததும் வேலை என்றும் நினைக்க வேண்டாம். ஏ320 டைப் ரேட்டிங்குக்கு, அதாவது அந்த ரக விமானத்தை ஓட்டும் தகுதிக்கு, தனியாகப் பத்து லட்சத்துக்கு மேல் வேண்டியிருக்கும். 2019-இல் ஜெட் ஏர்வேஸ் நின்றது, 2020-இல் கொரோனா, 2023-இல் கோ ஃபர்ஸ்ட். ஒவ்வொரு தடவையும் அனுபவசாலிகளே வரிசையில் நின்றார்கள், புதியவர்கள் அவர்களுக்குப் பின்னால். கடன் தவணை எப்போது தொடங்குகிறது என்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

திருச்சி அப்பா:
எல்லாருக்கும் நன்றி. மெடிக்கலுக்குத் தேதி கேட்டிருக்கிறேன். அது முடிந்ததும் இரண்டு பள்ளிகளுக்குப் போகிறோம், மகளும் வருகிறாள். ஹேங்கரில் போட்டோ எடுக்கலாமா?

வலது சீட்:
பெரும்பாலும் விடமாட்டார்கள். வால் பக்கம் VT என்று தொடங்கும் பதிவெண் இருக்கும், மகளைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். விமானங்கள் பறப்பதைக் காட்டும் ஃப்ளைட்ரேடார் செயலியில் போட்டுப் பார்த்தால் கடந்த வாரம் எது பறந்தது என்று ஓரளவு தெரியும். டிரான்ஸ்பாண்டர் (இருக்கும் இடத்தைச் சொல்லும் கருவி) சரியில்லாத பழைய விமானங்கள் அதில் வராது, அவற்றைப் பையன்களிடம்தான் கேட்க வேண்டும். காலை ஆறு மணிக்கே போங்கள், அன்றைய பறப்புப் பட்டியலைப் பலகையில் எழுதுவார்கள். மாலையில் திரும்பப் போய், எழுதியதில் எத்தனை நடந்தது என்று பாருங்கள். லேடீஸ் ஹாஸ்டலை மகளையே உள்ளே போய்ப் பார்த்து வரச் சொல்லுங்கள், வார்டன் கூட வராமல்.