மெட்டியோர் செயற்கைக்கோள் படம் பாதியில் உடைகிறது, யாராவது உதவ முடியுமா?

வணக்கம். நான் இருப்பது தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டினதும் ஆந்திராவில் வரும் தடா. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால் மொட்டை மாடியிலிருந்தே தெரியும். அதைப் பார்த்து வளரும் தெருப் பிள்ளைகளுக்கு, வானிலைச் செயற்கைக்கோள் படத்தை நாமே நேரடியாக வாங்கலாம் என்று காட்ட ஆசை. கணக்கு, செல்போன் எண், ஆதார் எதுவும் கேட்காமல் எல்லோருக்கும் திறந்தே வருகிற தகவல் அது. எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (ரேடியோ அலையை வாங்கிக் கணினிக்குத் தரும் சின்ன யூஎஸ்பி கருவி), லினக்ஸ் மடிக்கணினி, அந்த அலையைப் படமாக மாற்றும் கட்டற்ற மென்பொருளான சாட்டம்ப் (SatDump) எல்லாம் தயார். 53 செ.மீ. கம்பி இரண்டை 120 டிகிரியில் விரித்து ஆன்டெனாவும் கட்டிவிட்டேன். ஆனால் 137.9 மெகாஹெர்ட்சில் ரஷ்யாவின் மெட்டியோர் எம்2-4 தலைக்கு நேர் மேலே போகும்போதுகூட படம் கோடு கோடாக உடைகிறது. பக்கத்திலேயே செல்போன் கோபுரம் உண்டு, கேபிளும் 15 மீட்டர். முதலில் மற்ற அலைகளைத் தடுக்கும் ஃபில்டர் போடவா, கேபிளைக் குறைக்கவா? சூலூர்பேட்டை, கும்மிடிப்பூண்டி பக்கம் இருப்பவர்கள் ஒரு ஞாயிறு வந்து பார்த்தால் ரொம்ப உதவியாக இருக்கும்.