சோயாந்தஸ் மேல் படரும் முடிப்பாசி: நீரை மாற்றினால் இன்னும் தழைக்கிறது

பெல்லந்தூர்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு பெல்லந்தூரில், எங்கள் அடுக்ககத்தில், 150 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்றை 14 மாதங்களாகப் பராமரித்து வருகிறேன். கல்பவளங்கள் (கடினமான சுண்ணக் கூடு கட்டுபவை) 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருப்பதால் அவற்றின் பக்கமே நான் போகவில்லை. உலர்பாறையின் மேல் சோயாந்தஸ் (பொத்தான் போன்ற பாலிப்புகள் கூட்டமாக வளரும் வகை), காளான் பவளம், தோல் பவளம் ஆகிய மென்பவளங்களும், இரண்டு கோமாளி மீன்களும் மட்டுமே உள்ளன.

மூன்று மாதங்களாகச் சோயாந்தஸ் கூட்டத்தின் இடுக்குகளிலிருந்து பச்சை முடிப்பாசி முளைத்து, இப்போது விரல் நீளத்துக்கு வளர்ந்துவிட்டது. பாசி மூடிய பக்கத்தில் பாலிப்புகள் (பவளத்தின் பூப்போன்ற சிறு உயிர்கள்) விரிவதே இல்லை. விளக்கு எட்டு மணி நேரம்தான் எரிகிறது. மீன்களுக்கு ஒரு வேளைதான் உணவு. வாரந்தோறும் 15 லிட்டர் நீரை மாற்றுகிறேன், ஆனால் மாற்றிய இரண்டு மூன்று நாட்களில் பாசி தணிவதற்குப் பதிலாக மேலும் தழைக்கிறது. உப்பு கலப்பதற்கும், ஆவியாகும் நீரை ஈடுசெய்வதற்கும் சமையலறை ஆர்ஓ (சவ்வு வழியே நீரைச் சுத்திகரிக்கும்) இயந்திரத்தின் நீரையே பயன்படுத்துகிறேன். நைட்ரேட் 5 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்), பாஸ்பேட் 0 என்று பரிசோதனை காட்டுகிறது. பாஸ்பேட்டே இல்லாத நீரில் பாசி எதைத் தின்று வளர்கிறது?

அல்சூர்_உப்புநீர்

பாஸ்பேட் 0 என்பதை நம்ப வேண்டாம். பரிசோதனைப் பெட்டி நீரில் மிஞ்சியிருப்பதைத்தான் அளக்கும். பாசி ஏற்கெனவே உறிஞ்சிக்கொண்டது அதன் கணக்கில் வராது. பந்தி முடிந்தபின் காலி அண்டாவைப் பார்த்துவிட்டு, இன்று சமையலே நடக்கவில்லை என்று சொல்வதைப் போன்றது அது.

நீரை மாற்றியபின் பாசி தழைக்கிறது என்று நீங்களே எழுதியிருப்பதால், என் சந்தேகம் முழுவதும் அந்தச் சமையலறை இயந்திரத்தின் மேல்தான். வீட்டு ஆர்ஓ குடிநீருக்காகச் செய்யப்பட்டது. சுவைக்காக, சவ்வைக் கடக்காத நீரில் ஒரு சிறு பங்கை வெளிவரும் நீரோடு கலந்துவிடும் திருகு பல இயந்திரங்களில் உண்டு. சிலவற்றில் தாதுக்களைச் சேர்க்கும் குடுவையும் இருக்கும். உங்கள் அடுக்ககத்தில் ஆழ்குழாய்க் கிணற்று நீரோ டாங்கர் நீரோ கலக்கிறது என்றால் நிலைமை இன்னும் மோசம். நைட்ரேட்டையும் சிலிக்கேட்டையும் சவ்வு மற்ற உப்புகளைத் தடுக்கும் அளவுக்குத் தடுப்பதில்லை. எஞ்சியதைப் பிடிப்பதற்காகவே சவ்வுக்குப் பின்னால் டிஐ பிசின் (நீரில் மிஞ்சிய அயனிகளைப் பிடிக்கும் பிசின்) குடுவை ஒன்றை வைக்கிறோம்.

தொட்டியிலிருந்து ஆவியாவது வெறும் நீர். அதில் கரைந்தவை அனைத்தும் உள்ளேயே தங்கிவிடுகின்றன. நாளுக்கு 2 லிட்டர் ஆவியானால் மாதத்துக்கு 60 லிட்டர் ஊற்றுவீர்கள். அதில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் நைட்ரேட் இருப்பதாக வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 480 மில்லிகிராம், அதாவது உங்கள் தொட்டியில் 3.2 பிபிஎம் கூடுகிறது. இது மீன்களுக்குப் போடும் உணவைச் சேர்க்காத கணக்கு. முதலில் ஒரு டிடிஎஸ் அளவி (நீரில் கரைந்தவற்றின் மொத்த அளவைக் காட்டும் கருவி) வாங்கி, இயந்திரத்திலிருந்து வரும் நீரை அளந்து சொல்லுங்கள்.

மல்லேஸ்வரம்_மென்பவளம்

மேலே சொன்னது சரிதான். ஆனால் நீர் திருந்தி, பாசி அடங்க ஒன்றிரண்டு மாதங்களாவது ஆகும். அதுவரை மூடிக்கிடக்கும் பாலிப்புகள் பிழைத்திருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. எனவே கல்லை வெளியே எடுத்துக் கையால் சுத்தம் செய்யுங்கள்.

அதற்குமுன் ஓர் எச்சரிக்கை. சோயாந்தஸ் வகையறாவில் சிலவற்றில், குறிப்பாகப் பாலித்தோவாவில், பாலிடாக்சின் என்ற கடும் நச்சு உண்டு. கையுறையும் கண் பாதுகாப்புக் கண்ணாடியும் அணியாமல் தேய்க்காதீர்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு அந்த வேலையே வேண்டாம். கல்லின் மேல் வெந்நீர் ஊற்றுவதோ, கல்லைக் கொதிக்க வைப்பதோ எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

தொட்டி நீர் நிரப்பிய பாத்திரத்தில் கல்லை வைத்து, இடுக்கியால் பாசியை அடியோடு பிடுங்கியபின், பழைய பல்துலக்கியால் இடுக்குகளை மெல்லத் தேயுங்கள். பிறகு ஒரு லிட்டர் தொட்டி நீரில் 100 மில்லி லிட்டர், 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்து, அதில் மூன்று முதல் ஐந்து நிமிடங்கள் வரை முக்கி வைத்து, வேறு பாத்திரத்துத் தொட்டி நீரில் அலசிவிட்டுத் திருப்பி வையுங்கள். மருந்துக் கடையில் 6 சதவீதப் புட்டியும் கிடைக்கும் என்பதால் சீட்டைப் படித்து, தேவையானால் சம அளவு தூய நீர் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் நாளில் சிறு துண்டு ஒன்றில் மட்டும் செய்து பாருங்கள். டர்போ நத்தைகள் நீளமான இழைகளைச் சீண்டுவதில்லை. நீங்கள் பிடுங்கியபின் துளிர்ப்பதைத்தான் மேயும்.

வைட்ஃபீல்ட்_தொட்டி

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பதற்றத்தில் பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு துகள்களை அள்ளிப் போட்டு, நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உண்மையிலேயே பூஜ்யமாக்கிவிடாதீர்கள். நான் அப்படிச் செய்து, முடிப்பாசி போன இடத்தில் பழுப்புச் சளியாக டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிரியை வரவேற்றேன். அதோடு ஒப்பிட்டால் முடிப்பாசி சாது. பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரையும், நைட்ரேட் 5க்கும் 10க்கும் இடையிலும் நிற்பது மென்பவளங்களுக்கு நல்லது. உங்கள் பாசியின் இழைகள் இறகு போலக் கிளைத்திருந்தால் அது பிரையோப்சிஸ். அதற்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஃப்ளுகோனசோல் (பூஞ்சைக்கு எதிரான மருந்து) என்ற வேறு வழி இருக்கிறது. கிளையில்லாத முடியாக இருந்தால் அதை இப்போதைக்கு நினைக்கவே வேண்டாம்.

பெல்லந்தூர்வாசி

மூவருக்கும் நன்றி. இழைகளில் கிளை இல்லை. டிடிஎஸ் அளவி குழாய் நீரில் 610, சமையலறை ஆர்ஓ நீரில் 96 காட்டியது. பின்பக்கத்தில் இருந்த திருகை மூடியதும் 21க்கு இறங்கியது. இத்தனை மாதங்களாக ஆழ்குழாய் நீரையும் சேர்த்தே ஊற்றி வந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு சிறு துண்டைப் பெராக்சைடில் முக்கினேன். நேற்று பாசி வெளுத்துவிட்டது, பாலிப்புகள் பாதி விரிந்திருக்கின்றன. திருகை மூடியதிலிருந்து குடிநீர் சப்பென்று இருக்கிறது என்று அம்மா குறைபட்டுக்கொள்வதால் அதை மறுபடியும் திறந்துவிட்டு, தொட்டிக்கென்று டிஐ குடுவையோடு தனி ஆர்ஓ ஒன்றுக்குச் சொல்லிவிட்டேன்.