இரண்டு முடிச்சு: வேற்றுச் சமூகத்தாருக்குக் கொடுத்தது, அவர்களிடம் வாங்கியது (உங்கள் அனுபவம்)

பனங்காட்டுக்காரன்:

நேராக விஷயத்துக்கு வருகிறேன். 2015 ரமலான், ஜூன் கடைசி. அப்பா பனையிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து மதுரை பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். எனக்குப் பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம். சாயல்குடிப் பக்கம் எங்கள் ஊர். அப்பா பதநீர் இறக்குவதோடு, குருத்தோலை வெட்டிக் காயவைத்து, கீழக்கரையில் கொட்டான் (ஓலைப்பெட்டி) முடைகிற ஒரு முஸ்லிம் உம்மாவுக்குக் கொடுத்து வந்தார். இந்தத் தடவை ஓலை வராது என்று சொல்லி, பழைய பாக்கி இருந்தால் வாங்கி வரச் சொல்லி அம்மா என்னை அனுப்பினார்.

பாக்கி 240 ரூபாய். அதைக் கையில் கொடுத்துவிட்டு, "அப்பாவுக்கு எப்படி இருக்கு தம்பி?" என்று கேட்டார். சொன்னேன். உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்தார். முந்தானையில் இரண்டு முடிச்சு. ஒன்றைத் தொட்டுக் காட்டி, "இது மகன் சவூதியில இருந்து அனுப்புன ஜகாத். இதுல உனக்குக் கொடுக்க முடியாது தம்பி, இதுக்கு ஆளு வேற" என்றார். எனக்குச் சுருக்கென்றது. கொடுக்கிறதிலும் தனி இலையா என்று நினைத்தேன்.

அப்புறம் அடுத்த முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். ஓலைக்குச் சாயம் ஏற்றி ஏற்றி விரல் நுனியெல்லாம் பச்சையும் கத்தரிப்பூ நிறமுமாக இருந்தது. நகக்கண்ணில் ஊறிப்போன சாயம். முடிச்சு இறுகிக் கிடந்தது. நோன்பு வாயோடு பல்லால் கடித்து இழுத்தார். பத்தும் இருபதும் ஐம்பதுமாக 1,850 ரூபாய். "இது நான் முடைஞ்ச காசு. இதுக்கு யாரையும் கேக்க வேண்டியதில்ல" என்று என் சட்டைப் பையில் திணித்தார்.

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வாங்கினேன். நன்றிகூடச் சொல்லவில்லை. ஒரு கொட்டானுக்கு அவருக்கு என்ன கிடைக்கும், 1,850 சேர எத்தனை நாள் குனிந்து உட்கார வேண்டும் என்பதெல்லாம் நான் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது. அதற்குள் அவர் மௌத்தாகிவிட்டார் (காலமாகிவிட்டார்). உங்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால் எழுதுங்கள்.

கடலோரவாசி:

அந்த உம்மா சொன்னது சரி. தப்பாக நினைக்க வேண்டாம் சகோ. ஜகாத் என்பது இஷ்டப்பட்டுக் கொடுக்கிற தருமம் இல்லை, கடமை. சொத்து ஓர் அளவைத் தாண்டி ஒரு வருஷம் கையில் இருந்தால் நாற்பதில் ஒரு பங்கு. யார் யாருக்குப் போக வேண்டும் என்று எட்டு வகையைக் குர்ஆனே சொல்லிவிட்டது. அதைப் பெரும்பாலான இமாம்கள் முஸ்லிம் ஏழைகளுக்கு என்றே வைத்திருக்கிறார்கள். இஷ்டப்பட்டுக் கொடுக்கிற ஸதகா அப்படி இல்லை, யாருக்கும் கொடுக்கலாம். ஏழைக்கும் அநாதைக்கும் கைதிக்கும் உணவு கொடுப்பவர்களை 76வது அத்தியாயம் புகழ்கிறது. அந்தக் காலத்தில் முஸ்லிம்கள் கையில் இருந்த கைதி யார்? எதிர்த்துச் சண்டை போட வந்தவன், வேறு மதத்துக்காரன். அவனுக்கும் சோறு.

இவ்வளவு தெரிந்த நான் செய்ததைக் கேளுங்கள். பெருநாள் ராத்திரி, பித்ரா அரிசி, அதாவது பெருநாளுக்கு ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டிய கடமை அரிசி, பங்கு வைக்கிறோம். ஆளுக்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ கணக்கு, விடிந்து பெருநாள் தொழுகைக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். கையில் பட்டியலோடு நான் நிற்கிறேன். எங்கள் தெருவுக்குத் துணி வெளுக்கிற அம்மா எவர்சில்வர் தூக்கோடு வரிசையில் வந்து நின்று மூடியைத் திறந்து நீட்டினார். எங்கள் கரையில் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹப், அதாவது மார்க்கச் சட்டத்தில் ஒரு வழி. அதில் பித்ராவும் முஸ்லிம்களுக்குத்தான். ஹனஃபி என்ற வேறு மத்ஹபில் மற்ற ஏழைகளுக்கும் கொடுக்கலாம். "இது உங்களுக்கு இல்லம்மா" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. தூக்குக்குள் பார்த்தார். "கஞ்சின்னு நெனச்சேன் தம்பி" என்று சொல்லி மூடியை அழுத்தி மூடினார். ராத்திரி பத்து மணிக்கு யாரும் நோன்புக் கஞ்சி ஊற்ற மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியாதா? வருஷா வருஷம் அஸர் (சாயங்காலத்) தொழுகைக்குப் பிறகு வந்து வாங்கிப் போகிறவர்தானே. எனக்காகச் சொன்ன பொய் அது. நான் சங்கடப்படக் கூடாது என்று.

என் பையில் ஐந்நூறு ரூபாய் இருந்தது. சட்டம் தடுத்தது அந்த அரிசியை மட்டும்தான். என் பையை யார் தடுத்தது? அந்த உம்மாவுக்குத் தோன்றிய இரண்டாவது முடிச்சு எனக்குத் தோன்றவில்லை. அந்த மூடிச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

தங்கச்சிமடத்துப் பெண்:

எனக்கு அப்போது ஒன்பது வயது. 1990. இலங்கையிலிருந்து படகு படகாக ஜனம் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. பெயர் பதிந்து மண்டபம் முகாமுக்குக் கொண்டுபோவார்கள். அதெல்லாம் உங்களுக்கே தெரியும். எங்கள் அம்மாச்சி கருவாட்டுக் கூடையோடு ராமேஸ்வரம் போனவர், என்னையும் கூட்டிப்போயிருந்தார்.

ஒரு பொண்ணு, இருபது வயது இருக்கும். இடுப்பில் குழந்தை. சேலை கடல் தண்ணீரில் ஊறி உடம்போடு ஒட்டிக் கிடக்கிறது. சுற்றி ஆம்பளைகள். கூடையைக் கீழே வைத்து, அடியில் துணியில் சுற்றி வைத்திருந்த நீலச் சேலையை எடுத்தார் அம்மாச்சி. அது வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்தது. மாமாவின் வத்தை (படகு) கவிழ்ந்து பிழைத்து வந்ததற்காக. செப்டம்பர் 8 திருநாளுக்குக் கொண்டுபோகத் தையற்காரரிடம் ஓரம் அடித்து வாங்கிய புதுச் சேலை. கருவாட்டு வாடை படாமல் இருக்க மூன்று சுற்றுச் சுற்றியிருந்தார்.

அந்தப் பொண்ணு நெற்றியில் திருநீறு. எங்கே பூசியதோ, கடல் தாண்டியும் அழியாமல் ஒரு கோடு. சேலையை வாங்கி மடிப்பைப் பார்த்தவள், "நேத்திச் சீலை மாதிரிக் கிடக்கு அம்மா. நாங்கள் சைவம். உடுக்கலாமோ?" என்று கேட்டாள். அம்மாச்சி, "கட்டுத்தா, காத்தடிக்குது" என்றார். அவ்வளவுதான். நானும் அம்மாச்சியும் இன்னொரு பெண்ணும் மறைப்பாக நின்றோம், அவள் கட்டிக்கொண்டாள்.

ஆனால் அன்றைக்கு ராத்திரி அம்மாச்சி தூங்கவில்லை. அதைத்தான் நான் எழுத வந்தேன். எல்லோரும் கொடுத்தவர்களுக்கு மனசு நிறைந்துவிடும் என்கிறார்கள். அவருக்குப் பயம் வந்தது. மாதாவிடம் கொடுத்த வாக்கை வேறு சாமி கும்பிடுகிறவளுக்குக் கொடுத்துவிட்டேனே, மகனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டார். அவர் என்ன சொன்னார் என்று கடைசி வரை எங்களிடம் சொல்லவில்லை. மறுவருஷம் வேளாங்கண்ணிக்கு இரண்டு சேலை கொண்டுபோனார். பயத்தோடு கொடுத்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

உப்பளத்து ஓரம்:

கடலோரவாசி அண்ணே, நீங்க வருத்தப்படுவது புரிகிறது. ஆனால் எட்டு வகை, ஷாஃபி, ஹனஃபி என்று அவ்வளவு விளக்கம் எதற்கு? பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஏழையைப் பார்த்தால் ஏழை தெரிய மாட்டான், பெயர்தான் தெரியும்.

நான் வாங்கிய பக்கத்திலிருந்து சொல்கிறேன். 2020 ஊரடங்கு. வாலிநோக்கம் பக்கம் எங்கள் ஊர், கடலுக்குப் போக முடியவில்லை, உப்பு வேலையும் நின்றுவிட்டது. ஒரு குழு வேனில் அரிசி கொண்டுவந்தது. எந்த மதம் என்று எழுத மாட்டேன், எழுதினால் இந்தத் திரி அதோடு நின்றுவிடும். அஞ்சு கிலோ பை. கொடுக்கும் முன்னால் எல்லோரும் கண்ணை மூடி, அவர்கள் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்ல வேண்டும். எங்கம்மா காளியம்மனுக்கு வருஷம் தவறாமல் தீச்சட்டி எடுக்கிறவர். கையைக் குவித்தார். வாய் அசைந்தது. ஆனால் கண்ணை மூடவில்லை. பையையே பார்த்துக்கொண்டிருந்தார், நாலு பேருக்கு அப்புறம் தீர்ந்துவிடுமோ என்று. அந்தக் கண் என்னை விடவில்லை. அந்த அரிசியைத்தான் தின்றோம். நல்ல அரிசி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நேர்மையாக இருக்காது. எங்கள் சாமிக்கு நடக்கிற அன்னதானத்தில் என் அப்பாவைத் தனியாக, கொட்டகைக்கு வெளியே உட்கார வைத்ததை நான் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். ஒரே சாமி, ஒரே திருநீறு. மதம் தாண்டிக் கொடுப்பதைப் பற்றி எல்லோரும் உருகி எழுதுகிறோம். தெரு தாண்டி வருகிறதா சோறு? தங்கச்சிமடத்து அக்கா, உங்க அம்மாச்சி அந்தப் பொண்ணு எந்த ஆளு என்று கேட்கவில்லை பாருங்கள், எனக்கு அதுதான் பெரிசு.

ஓய்வுபெற்ற கணக்கர்:

ஒருமுறை ஏர்வாடி தர்காவில், மனநிலை சரியில்லாத மகனோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாளிடம் சாப்பாட்டுப் பொட்டலத்தை நீட்டினேன். "நாங்க நேர்ச்சைக்கு இருக்கோம்யா, பிச்சைக்கு இல்ல" என்று கையால் தள்ளிவிட்டார். நெற்றியில் குங்குமம். இது என் அனுபவம். இதிலிருந்து நான் கற்றதைச் சொன்னால் இளைஞர்களுக்குப் பயன்படும்.

முதலில் கேளுங்கள், பிறகு கொடுங்கள். ராமேஸ்வரத்தில் அமாவாசைக்கு அமாவாசை எவ்வளவு பேர் அன்னதானம் போடுகிறார்கள்! ஒரே ஆளுக்கு மூன்று பொட்டலம் கிடைக்கும். தீவின் பின்பக்கக் குடிசைகளில் கடல்பாசி எடுக்கிற பெண்களுக்குச் சோறு தேவையில்லை, வைத்தியச் செலவுக்குப் பணம் தேவை. நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அரசாங்கம் நிவாரணம் கொடுக்கிறது, ஆனால் அந்தத் தடைக்காலம் முடிகிற நேரத்தில்தான் பள்ளிக்கூடமும் திறக்கிறது. கொடுக்க நினைப்பவர்கள் மே கடைசி வாரத்தில் நோட்டுப் புத்தகமும் சீருடைத் தையல் கூலியும் கொடுங்கள். ரமலானில் வருவதும் கிறிஸ்துமஸில் வருவதும் ஆடியில் கூழ் ஊற்றுவதும் அந்தந்த மாதத்தோடு போய்விடும். பசி நம் பண்டிகை பார்த்து வருவதில்லை.

ஆஸ்பத்திரிச் செலவு என்றால் ரொக்கத்தைவிட மருந்துக் கடையில் கணக்கைத் தீர்த்துவிடுவது நல்லது. மதுரைக்குப் போகிறவர்களுக்கு வைத்தியத்தைவிடக் கூட இருப்பவரின் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும்தான் கை வறளும், அதைக் கவனியுங்கள். போட்டோ எடுக்காதீர்கள். ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று நடந்த தீ விபத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்ததை மறக்காதீர்கள். அந்த மாதிரி இடங்களுக்குக் கொடுக்கும் முன் உள்ளே போய்க் கண்ணால் பாருங்கள்.

இது நமக்குப் புதிதும் இல்லை. ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகள் தர்காவுக்கு நிலம் மானியம் விட்டார்கள். கீழக்கரை வள்ளல் சீதக்காதி மரைக்காயர் வாசலில் முஸ்லிமான உமறுப் புலவரும் நின்றார், இந்துவான படிக்காசுப் புலவரும் நின்றார். செத்தும் கொடுத்தான் என்று இன்றும் சொல்கிறோம். அவர் என்ன பட்டியலா வைத்திருந்தார்?

பனங்காட்டுக்காரன்:

ஐயா, நல்ல யோசனைதான். மே கடைசி வாரம் என்றதைக் குறித்துக்கொண்டேன். ஆனால் நான் யோசனை கேட்டு எழுதவில்லை. மருந்துக் கடையில் கணக்குத் தீர்த்திருந்தால் எனக்கு அந்த விரல்கள் ஞாபகம் இருந்திருக்காது.

உப்பளத்துத் தம்பி, கடலோரவாசி விளக்கம் சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை. பத்து வருஷமாக நான் அவமானம் என்று நினைத்த ஒரு வார்த்தையை அவர் எடுத்துவிட்டார். அந்த உம்மா தன் மார்க்கத்தை மீறி எனக்குக் கொடுக்கவில்லை. அதற்குள் நின்றே வழி கண்டுபிடித்தார். மீறியிருந்தால் தங்கச்சிமடத்து அக்காவின் அம்மாச்சி மாதிரி அவரும் ராத்திரி தூங்காமல் கிடந்திருப்பார்.

முதலில் எழுதாமல் விட்டது ஒன்று. அப்பா எழுந்து நடக்க எட்டு மாதம் ஆனது. பனை ஏறுவது அதோடு முடிந்தது. ஆனாலும் பக்கத்துப் பனையேறியிடம் விலைக்கு வாங்கி மாதம் ஒரு கட்டுக் குருத்தோலை கீழக்கரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். 1,850ஐக் கழிக்கிறாராம். உம்மாவோ ஓலை கொண்டுபோகிறவனிடம் கட்டுக்கு உள்ள காசை எண்ணி அனுப்பிவிடுவார். அப்பா அந்தக் காசைத் தொட மாட்டார், அடுத்த கட்டுக்குப் போய்விடும். உம்மா மௌத்தான செய்தி வந்த அன்று கட்டி வைத்த ஒரு கட்டு வீட்டில் கிடந்தது. இன்னும் பரணில் இருக்கிறது.

கடலோரவாசி, அந்தத் துணி வெளுக்கிற அம்மா இருக்கிறாரா? போய்ப் பாருங்களேன்.

கடலோரவாசி:

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். போனேன். வீட்டில் மருமகள் மட்டும் இருந்தார். அம்மா திருப்பூரில் மகள் பிரசவத்துக்குப் போயிருக்கிறாராம். நான் யார், எதற்கு வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. துணி ஏதாவது போடணுமா பாய் என்று கேட்டார். இல்லை, சும்மா பார்க்க வந்தேன் என்றேன். பணத்தைக் கொடுக்கலாம் என்றுதான் போனேன். மருமகள் கையில் கொடுத்துவிட்டு வந்தால் என் பாரம்தான் இறங்கும் என்று தோன்றியது, கொடுக்கவில்லை.

திண்ணையில் அந்தத் தூக்கு கவிழ்த்திக் காய வைத்திருந்தது. மூடி பக்கத்தில் தனியாக இருந்தது. அடுத்த மாதம் பத்தாம் தேதிக்கு மேல் அம்மா வருவாராம்.