கூம்பின் கனவளவு தெரியும், ஆரை பிழையா வருகுது

கல்லடி_மாணவி:
கூம்பொன்றின் கனவளவு 462 கன செ.மீ, உயரம் 9 செ.மீ. ஆரை கேட்டிருக்கு. 22/7 போட்டுச் செய்தால் எனக்கு 2.33 வருகுது, விடைத்தாளில் 7 என்று இருக்கு. சூத்திரம் சரிதான், மூன்று தரம் பார்த்திட்டன். எங்க பிழை? கோளத்திலயும் இதே கரைச்சல்.

அக்கரைப்பற்று_கணிதம்:
தங்கச்சி, 2.33 என்பது 7இன் மூன்றிலொன்று. பிழை அதிலேயே தெரியுது. 1/3 ஐ மற்றப் பக்கம் கொண்டுபோகும்போது 3ஆல் பெருக்காமல் வகுத்திருக்கிறீங்க. ஆரை² ஒன்பதிலொன்றாகக் குறைஞ்சிட்டு. வர்க்கமூலம் எடுத்ததும் ஆரை மூன்றிலொன்றாகிட்டு. (1/3 ஐ எழுதவே மறந்திருந்தால் 4.04 வந்திருக்கும்.)

முதலில் பின்னத்தை ஒழிச்சிடுங்க:

462 = 1/3 × 22/7 × ஆரை² × 9
இரு பக்கமும் 21ஆல் பெருக்க, 462 × 21 = 22 × 9 × ஆரை²

இங்க 462 × 21 ஐப் பெருக்கப் போகாதீங்க. 462 ÷ 22 = 21. ஆகவே 21 × 21 = 9 × ஆரை², ஆரை² = 49, ஆரை 7 செ.மீ.

கோளத்துக்கும் அதே வழிதான். கனவளவு 38808 கன செ.மீ என்றால் 38808 = 4/3 × 22/7 × ஆரை³, 21ஆல் பெருக்க 38808 × 21 = 88 × ஆரை³. 38808 ÷ 88 = 441, அதாவது 21 × 21. பக்கத்தில் இன்னொரு 21 நிற்குது. ஆரை 21 செ.மீ, கனமூலம் தேடவே தேவையில்லை. பெருக்கி 814968 ஆக்கியிருந்தால் அது கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

முக்கோண அரியத்தில் கனவளவிலிருந்து நீளம் தேடும்போது விடை சரிபாதியாக வந்தால் ½ ஐ விட்டிருக்கிறீங்க.

காத்தான்குடி_மேசன்:
தாங்கி கட்டும்போதும் இதே கணக்குத்தான். 2000 லீற்றர் என்றால் 2 கன மீற்றர். உள்விட்டம் 1.4 மீற்றர், ஆரை 0.7, அடிப்பரப்பு 22/7 × 0.49 = 1.54. 2 ÷ 1.54 = 1.30 மீற்றர் தண்ணி உயரம். ஓவர்ஃபுளோ பைப் விளிம்பிலிருந்து 10 செ.மீ கீழே வரும் என்றால் சுவர் 1.40 எழும்ப வேணும்.

அதிகம் பிழைக்கிறது விட்டத்தில். 1.4 ஐ வெளிவிட்டமாக எடுத்து 5 செ.மீ சுவர் வைத்தால் உள்விட்டம் 1.3 தான். அதே 1.30 உயரத்துக்கு 1726 லீற்றர்தான் பிடிக்கும். 274 லீற்றர் போயிட்டு! இரண்டாயிரமே வேணும் என்றால் தண்ணி 1.51 மீற்றர் நிற்க வேணும்.

கல்லடி_மாணவி:
நன்றி சேர், நன்றி நானா. இன்னொன்று: 0.5 கன மீற்றர் கனவளவுள்ள சதுரமுகியின் பக்கத்தை மடக்கை அட்டவணையால் எடுத்தால் 3.68 மீற்றர் வருகுது.

அக்கரைப்பற்று_கணிதம்:
1 கன மீற்றருக்கும் குறைஞ்ச சதுரமுகிக்கு 3.68 மீற்றர் பக்கமா? 0.5இன் மடக்கை பார் 1.6990 (1இன் மேல் கோடு, அதாவது −1 + 0.6990). நீங்க பாரைக் கவனிக்காமல் 1.6990 ஐ 3ஆல் வகுத்து 0.5663 எடுத்திருக்கிறீங்க. பாருக்குக் கீழே உள்ள எண் மட்டும்தான் மறை, தசமப் பகுதி நேர். ரெண்டையும் சேர்த்து வகுக்க ஏலாது. பார் 1 ஐ, 3ஆல் வகுபடும் பார் 3 ஆக்குங்க. குறைச்ச 2 ஐத் தசமப் பகுதியோடு கூட்டுங்க:

பார் 1.6990 = பார் 3 + 2.6990
3ஆல் வகுக்க, பார் 1 + 0.8997

முரண்மடக்கை 0.7937. பக்கம் ஏறத்தாழ 0.79 மீற்றர். 0.8 × 0.8 × 0.8 = 0.512, அதைவிடக் கொஞ்சம் குறைவு. சரியா இருக்கு.