ப்ளூ ஸ்க்ரீன் வருது, ஆனா டம்ப் ஃபைல் மட்டும் காணோம்

நைட்ஷிஃப்ட்:
மக்களே, விண்டோஸ் 10, 32 ஜிபி ரேம். ரெண்டு வாரமா அப்பப்ப ப்ளூ ஸ்க்ரீன் அடிக்குது. க்ராஷ் நேரத்து மெமரிய சேமிச்சு வைக்கற டம்ப் ஃபைல வச்சு எந்த டிரைவர் பண்ற வேலைன்னு பாக்கலாம்னு மினிடம்ப் ஃபோல்டர தொறந்தா காலி, மெமரி டம்ப்பும் இல்ல. ஸ்டார்ட்டப் அண்ட் ரெக்கவரில ஆட்டோமேட்டிக் மெமரி டம்ப்னுதான் இருக்கு, அப்புறம் ஏன் எழுத மாட்டேங்குது?

பழையமவுஸ்:
பேஜ் ஃபைல்ல (ரேம் பத்தாதப்ப விண்டோஸ் டிஸ்க்ல வச்சுக்கற ஃபைல்) கை வச்சீங்களா?

நைட்ஷிஃப்ட்:
ஆமாண்ணா, ரேம்தான் இவ்ளோ இருக்கேன்னு நோ பேஜிங் ஃபைல் போட்டேன். ஏதோ வார்னிங் வந்துச்சு, படிக்காம யெஸ் குடுத்துட்டேன் 😅

பழையமவுஸ்:
அந்த வார்னிங்கே இதுக்குத்தான் தம்பி. கெர்னல் (விண்டோஸோட உள் மையம்) விழுந்த நேரத்துல ஃபைல் சிஸ்டத்த நம்பி புதுசா ஃபைல் எழுத முடியாது, எழுதப்போனா டிஸ்க்ல இருக்குறதும் கெட்டுப்போகும், அதனால பேஜ் ஃபைல் டிஸ்க்ல எங்கெங்க இருக்குன்னு பூட் ஆகும்போதே குறிச்சு வச்சுக்கிட்டு, விழுந்ததும் நேரா அங்க கொட்டிடும், அடுத்த பூட்லதான் அத எடுத்து மெமரி டம்ப்பா வைக்கும். பேஜ் ஃபைலே இல்லன்னா எங்க கொட்டும்? ஈவென்ட் வியூவர்ல சிஸ்டம் லாக்ல வால்எம்ஜிஆர் 46, அதாவது டம்ப் எழுத தயாராக முடியலன்னு சொல்ற எரர், இருக்கான்னு பாருங்க. அப்புறம் பேஜ் ஃபைல் செட்டிங்ல சி டிரைவுக்கு சிஸ்டம் மேனேஜ்டு (சைஸ விண்டோஸே பாத்துக்கும்) போட்டு ரீஸ்டார்ட்.

டிரைவர்பாவி:
பேஜ் ஃபைல டி டிரைவ்ல வச்சுக்கலாம்னு மட்டும் போயிடாதீங்க, சி-லயே இருக்கட்டும். இன்னொன்னு, ஆபீஸ் டொமைன்ல சேராத வீட்டு மெஷின்ல சி-ல 25 ஜிபிக்கு கீழ இடம் இருந்தா விண்டோஸே பெரிய டம்ப்ப அழிச்சிரும். ஸ்டார்ட்டப் அண்ட் ரெக்கவரி ஸ்க்ரீன்லயே ஆட்டோமேட்டிக் டெலிஷன டிசேபிள் பண்ற டிக் இருக்கு, போட்டுடுங்க. க்ளீனர் ஆப் ஏதாச்சும் வச்சிருந்தா அதுவும் மினிடம்ப்ப குப்பைன்னு கூட்டித் தள்ளிரும், நான் ஆறு மாசம் அப்படித்தான் ஏமாந்தேன். கம்ப்ளீட் டம்ப்லாம் வேணாம், மொத்த ரேமையும் எழுதும், டிரைவர் பிரச்சினைக்கு கெர்னல் டம்ப்பே தாராளம்.

நைட்ஷிஃப்ட்:
46 ஒவ்வொரு பூட்லயும் இருந்திருக்கு, நான்தான் பாக்கல. மாத்திட்டேன். அடுத்த க்ராஷ் வரைக்கும் காத்திருக்கணுமா, இப்பவே டெஸ்ட் பண்ண முடியுமா?

பழையமவுஸ்:
மைக்ரோசாஃப்ட்டோட சிஸ்இன்டர்னல்ஸ் டூல் தொகுப்புல நாட்மைஃபால்ட்னு ஒரு டூல் இருக்கு, வேணும்னே விழவைக்கும். தொறந்து வச்சிருக்கறதெல்லாம் சேவ் பண்ணிட்டு அமுக்குங்க.

நைட்ஷிஃப்ட்:
டம்ப் விழுந்துடுச்சு 🙏 டம்ப்ப படிச்சு காட்டற விண்டிபிஜில தொறந்தா அந்த டூலோட மைஃபால்ட் டிரைவர்தான் காரணம்னு கரெக்டா சொல்லுது. நெஜ க்ராஷுக்குத்தான் வெயிட்டிங், இப்ப பாத்து ரெண்டு நாளா வரவே மாட்டேங்குது.