சன்ஸ்கிரீன் பிளேட்டில் ரீடிங் நிற்கவே இல்லை (லேப்காரர்கள் பேச்சு, ஊர்ப் பெயரில்)

கொழிஞ்சாம்பாறை:
ஜிங்க் ஆக்சைடு கிரீம், எஸ்பிஎஃப் (வெயில் தோலைச் சிவக்க வைப்பதைத் தடுக்கும் அளவு) 30. ஐஎஸ்ஓ 24443 என்ற லேப் முறையில், பிளேட்டில் கிரீம் தடவி யுவிஏ (நீள அலைப் புறஊதா) பாதுகாப்பைப் பார்க்கிறோம். 4 பிளேட்டும் 4 கதை சொல்கிறது. எங்கே தப்பு?

பொள்ளாச்சி:
முதலில் எடையைப் பாருங்க. மோல்டட் பிஎம்எம்ஏ (அச்சில் வார்த்த அக்ரிலிக் பிளாஸ்டிக்) பிளேட்டுக்குச் சதுர செ.மீ.க்கு 1.3 மி.கி. கிரீம்; 5×5 செ.மீ. பிளேட்டில் 32.5 மி.கி. தடவும் முன்னும் பின்னும் கிரீம் சிரிஞ்சை எடை போட்டு, வித்தியாசத்தை எடுங்க. பிளேட்டையே எடை போட்டால், இந்த வெயிலில் கிரீமில் உள்ள தண்ணி ஆவியாகி எடை இறங்கிக்கிட்டே இருக்கும். சின்னச் சின்னப் புள்ளியாக வைத்து, முதலில் லேசாக, பிறகு அழுத்தித் தேய்க்கணும். விரலுறையில் முன்பே கிரீம் தடவிக்கோங்க, இல்லாட்டி அதுவே பாதியைக் குடிச்சிடும். அப்புறம் இருட்டில் 30 நிமிஷம் காய விடணும்.

செங்கோட்டை:
அண்ணா சொன்னதோட ஒண்ணு: ஜிங்க் ஒளியைச் சிதறடிக்கும். இன்டெக்ரேட்டிங் ஸ்பியர் (எல்லாப் பக்க ஒளியையும் சேர்த்துப் பிடிக்கும் உள்ளீடற்ற உருண்டை) இல்லாத ஸ்பெக்ட்ரோமீட்டர் (ஒளி அளக்கும் கருவி) சிதறின ஒளியைத் தவறவிட்டு, பாதுகாப்பைக் கூட்டிக் காட்டும்.

கொழிஞ்சாம்பாறை:
ஸ்பியர் இருக்கு. சிரிஞ்சை எடை போடலை, அதான். இந்த ரிப்போர்ட்டை வைத்தே லேபிளில் எஸ்பிஎஃப் போடலாமா?

பொள்ளாச்சி:
கூடாது. இந்த முறையே, மனுஷத் தோலில் எடுத்த எஸ்பிஎஃப்பை வைத்துத்தான் பிளேட் ரீடிங்கின் வளைவைச் சரிசெய்யுது. தோலில் எஸ்பிஎஃப் எடுக்க ஐஎஸ்ஓ 24444 முறை, சதுர செ.மீ.க்கு 2 மி.கி. கிரீம். ஐரோப்பிய அளவுகோல்படி யுவிஏ பாதுகாப்புக் காரணி எஸ்பிஎஃப்பில் குறைந்தது மூன்றில் ஒன்று, உங்களுக்கு 10. கிரிட்டிகல் அலைநீளம் (கிரீம் உறிஞ்சும் புறஊதாவில் 90% சேரும் இடம்) 370 நானோமீட்டராவது வரணும்.