பத்ரிநாத் வழியில் கூட்டமில்லாத மலைக்கோயில்?

தெற்கத்தியான்:
அக்டோபரில் அம்மாவோடு பத்ரிநாத் போகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் கேதார்நாத் ஏற்றம் வேண்டாமென்று விட்டாயிற்று. போகிற வழியில் கூட்டம் குறைவான, நல்ல கதையுள்ள கோயில் எதாவது சொல்லுங்களேன். பஞ்ச கேதாரம் என்கிற ஐந்து சிவன் கோயில்களில் எது எளிது?

மலைப்பித்து:
கல்பேஷ்வர். போரில் சொந்தக்காரர்களைக் கொன்ற பாவம் தீரப் பாண்டவர்கள் சிவனைத் தேடி வந்தார்கள், அவரோ பிடிகொடுக்காமல் காளையாக மாறித் திரிந்தார், பீமன் பாய்ந்து பிடிக்கப் போனதும் பூமிக்குள் புகுந்துவிட்டார் என்பது கதை. திமில் கேதார்நாத்தில், கைகள் துங்கநாத்தில், முகம் ருத்ரநாத்தில், தொப்புள் மத்தியமஹேஷ்வரில், சடை கல்பேஷ்வரில் வெளிப்பட்டதாம். மற்ற நான்கையும் பனிக்காலத்தில் சாத்திவிடுவார்கள், இது மட்டும் வருடம் முழுக்கத் திறந்திருக்கும். உயரமும் 2,200 மீட்டர் அளவுதான். ஜோஷிமட்டுக்கு முன்னால் ஹெலாங்கில் திரும்பி உர்கம் பள்ளத்தாக்குக்குள் போகணும். குகைக்குள் சின்ன சந்நிதி.

ஊர்சுற்றி:
துங்கநாத்தை விட்டுவிட்டீர்களே! நடை தொடங்கும் சோப்தாவிலிருந்து 4 கி.மீ.கூட இல்லை.

மலைப்பித்து:
தூரம் குறைவுதான் சார், ஆனால் அதற்குள் ஏறக்குறைய 1,000 மீட்டர் ஏறணும். கோயிலே 3,680 மீட்டரில் இருக்கிறது, நமக்கே மூச்சு வாங்கும். முழங்கால் வலிக்காரருக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் தண்டனை. குதிரை கிடைக்கும், அவர் உட்காருவாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கோவைக்காரன்:
நம்ம முருகனை யாருமே சொல்லலையே. ருத்ரபிரயாகையிலிருந்து போக்ரி சாலையில் கனக்சௌரி, அங்கிருந்து காட்டுப்பாதையில் 3 கி.மீ. நடந்தால் கார்த்திக் சுவாமி கோயில், சுமார் 3,050 மீட்டர். உலகத்தைச் சுற்றும் போட்டி, பிள்ளையார் அப்பா அம்மாவைச் சுற்றியே ஜெயித்தது வரைக்கும் பழனிக் கதையேதான். அப்புறம்தான் தூக்கிவாரிப் போடும். இங்கே கோபித்துக்கொண்டு ஆண்டியாக மலையேறியவர், அங்கே தன் சதையைத் தாய்க்கும் எலும்பைத் தகப்பனுக்கும் கொடுத்துவிடுகிறார்! இயற்கையாக அமைந்த ஒரு பளிங்குக் கல்லைத்தான் அந்த எலும்பு என்று கும்பிடுகிறார்கள். வள்ளி தெய்வானை பேச்சே கிடையாது, வடக்கே அவர் பிரம்மச்சாரி. கோயிலைச் சுற்றி எங்கே பார்த்தாலும் நேர்த்திக்கடன் மணிகள். கதைக்காகப் போவதென்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

தெற்கத்தியான்:
அம்மா முருக பக்தை, இதைக் கேட்டால் விடமாட்டார். ஏற்றம் எப்படி?

கோவைக்காரன்:
பெரும்பாலும் மிதமான ஏற்றம், கடைசியில் படிகள். கைத்தடி அவசியம். முந்தின ராத்திரி ருத்ரபிரயாகையிலேயே தங்கிவிட்டு விடிவதற்குள் வண்டியை எடுங்கள், மதியத்துக்கு மேல் மேகம் மூடிவிட்டால் சௌகம்பா சிகரம் தெரியாது.